ராஜாவுக்கு எடுத்துக் கொடுத்த வசனம்

ஞாயிறு, இரவு

உண்மையைச் சொன்னது சரிதானா? எனக்குத் தெரியவில்லை.

இன்று ஆம்பூரில், ஷூ கம்பெனி கேன்டீனில், இந்த வருடம் என்ன போடுவது என்று எங்கள் நாடகக் குழு கூடியது. பழைய ராஜா நாடகத்தையே மறுபடி போடலாம் என்று முடிவானது. குழுவை ஆரம்பித்த நசீர் பாய் சிரித்தார்.

“கிரீடம் என் தலை அளவுக்குச் செஞ்சது. வேற எவனுக்குப் பொருந்தும்?”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று அவருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவள் நான்தான். போன தடவை பாதிக்கு மேல் நான் சொல்லித்தான் அவர் சொன்னார். கைதட்டியவர்களுக்கு அது தெரியாது.

“இன்னா டீச்சர், என்னால முடியாதா?”

“முடியாது பாய்.”

“நீங்க சொன்னா கரெக்டாதான் இருக்கும்” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். வாசல்வரை நான்கூடப் போகவில்லை.

திங்கள்

காலையில் அவரே ஃபோன் செய்தார். குரலில் அத்தனை உற்சாகம்.

“டீச்சர், மீட்டிங் இன்னிக்குத்தானே? ராஜா வேஷத்த யாருக்கும் குடுத்துடாதீங்க.”

நான் வாய் திறப்பதற்குள் முதல் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் நின்றுவிட்டார். மீதியை எடுத்துக் கொடுத்தேன்.