அடுப்பு சாமி ஊரில் இல்லாத வாரம்

ஜனவரி 6, திங்கள்

அண்ணி இன்று எனக்கு முடி வெட்டிவிட்டாள். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இனிமே யாராவது உன்னைப் பாத்தா நீயும் நிமிர்ந்து பாக்கணும் மியென். தரையில என்ன, காசா கொட்டிக் கிடக்கு?" என்றாள். சரி என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்ததில் அண்ணிக்குக் கழிவறை போகவேண்டி வந்தது. எங்கள் வீட்டில் அது ஒரு பயணம். வீடே ஒரு நீளக் குழாய் மாதிரி. முன்னறை, அதன் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் கழிவறை. வலதுபக்கச் சுவரோரம் அடுப்பு மேஜை. எதிரே பாத்திர அலமாரி, தண்ணீர்த் தொட்டி, அப்பாவின் பழைய பைக் எஞ்சின், பியர்ப் பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். ஏழு மாத வயிறு பக்கவாட்டில் திரும்பினாலும் வயிறுதானே!

"எங்க ஊரு பென்ச்சேல எங்க வீட்டுக் கோழிக்கூடே இதைவிடப் பெருசு" என்று கத்திக்கொண்டே போனாள். ஆனாலும் கோழிக்கூட்டை விட்டு எங்களிடம் வந்தாளே. நான் கொடுத்துவைத்தவள்.

ஜனவரி 9, வியாழன்

காலையில் அம்மா தன் தள்ளுவண்டிக் கடைக்காக எலும்பு சூப் கொதிக்க வைத்திருந்தாள். அண்ணி கடந்து போகும்போது சட்டை நுனி பானைக் காதில் மாட்டிக்கொண்டது. பானை நகர்ந்தது. சூப் தளும்பி அண்ணியின் பாதத்தில் —

பாதத்தோடு போயிற்று. சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். அம்மா வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா ஓடிவந்து பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

கொஞ்சம் மேல பட்டிருந்தா? வயித்துல பட்டிருந்தா? யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியல. கவுந்துடாம நின்னதே, அந்தப் பானைக்கா?

ஜனவரி 10, வெள்ளி

அடுப்பை இடம் மாற்றலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல ஆணி அடிக்கக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. அடுப்பை அசைக்கிறதாவது! மேல சாமி உக்காந்திருக்கு."

அடுப்புக்கு நேர் மேலே, சின்னப் பலகையில் அடுப்பு சாமி. இரண்டு ஆண்கள், ஒரு பெண், மூவரும் சேர்ந்து ஒரு சாமி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான்.

பிறகு கிண்ணம் கழுவும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். அண்ணனுக்கு முன்னால் ஒரு குழந்தை வயிற்றில் இருந்ததாம். அப்பா தண்ணீர்க் குழாய் போட இந்தச் சமையலறைச் சுவரை உடைத்தாராம். எட்டாவது மாதம் குழந்தை தங்கவில்லை.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. உங்கப்பா காதுல ஏறவே இல்லடி."

இத்தனை நாள் அப்பாவைப் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தேன். பயந்தவர் அவர். என்னை மாதிரியே.

ஜனவரி 12, ஞாயிறு

அப்பாவின் புதுச் சட்டம்: கழிவறைக்குப் போகிறவர்கள் சமையலறை வாசலில் நின்று "வர்றேன்!" என்று கத்தவேண்டும். சமைப்பவர் உடனே பானையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

அண்ணி பாட்டாகவே பாடுகிறாள். கட்டட வேலையிலிருந்து ஞாயிறு லீவில் வந்த அண்ணன் லாரி ஹாரன் மாதிரி அடிக்கிறான். எனக்குத்தான் கத்த வரவில்லை. யாராவது திரும்பிப் பார்க்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

"பொண்ணே, அவசரம்னா வாயைத் தொற" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எட்டாவதோடு நின்றேன். அதில் வருத்தம் இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. இந்த வீட்டில் நான் வாயைத் திறக்காமலே என்னைப் புரிந்துகொள்கிறார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

சமையலறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லாமே ஒரே பக்கம் இருந்தால்? எஞ்சினையும் பெட்டிகளையும் வெளியே எடுத்துவிட்டு, இடது சுவரோரம் வரிசையாக அலமாரி, அடுப்பு, தொட்டி. வலது பக்கம் வெறும் சுவர். நடக்கிறவர் நேராக நடக்கலாம். கூரையின் கண்ணாடித் தகடு வழியாக வெயில் விழுவதும் இடது பக்கம்தான். இதுவரை அந்த வெயிலெல்லாம் எஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாமியை அலமாரித் தலையில் வைக்கலாம். ஒரு ஆணிகூட வேண்டாம்.

ஆனால் யார் சொல்வது?

ஜனவரி 17, வெள்ளி

சொல்லிவிட்டேன்! நான்தான்!

அப்பா பைக் டாக்ஸி ஓட்டக் கிளம்பியதும் மளிகைக் கடையில் நூடுல்ஸ் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். எங்கள் வீடு முன்னாலிருந்து பின்வரை ஒரே அகலம். அதனால் முன்னறையிலேயே சமையலறையைக் கட்டினேன். இடது சுவரோரம் பெட்டி அலமாரி, பெட்டி அடுப்பு, பெட்டித் தொட்டி. அண்ணி நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டி நீட்டி அதிகாரம் செய்தாள். "ஏய் அடுப்பு, வயித்தை எக்கு! அலமாரி, உன்னைத்தான், தள்ளி நில்லு!"

மதியம் அப்பா ஹெல்மெட்டோடு வந்தார். பெட்டிகளைப் பார்த்தபடி உள்ளே நடந்தார்.

"என்ன, வீட்ல சந்தை போட்டிருக்கீங்க?"

"மாமா, நீங்க இப்ப சமையலறையைத் தாண்டி வந்துட்டீங்க. பக்கவாட்டில திரும்பினீங்களா?" என்றாள் அண்ணி.

அப்பா திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். பிறகு அண்ணியின் பாதத்தை.

"சாமி மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும்போது, கீழ இருக்கிற அடுப்பை உருவ முடியுமா?"

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"வருஷா வருஷம் மாதிரி புதன்கிழமை சாமி மேலோகம் போயிடும்பா. ஒரு வாரம் வீட்லயே இருக்காது. ஆணி வேணாம், சுத்தியல் வேணாம். தூக்கி வெச்சா போதும்."

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"யாரு பேசினது இப்ப?"

"பெட்டி பேசிச்சு மாமா" என்றாள் அண்ணி.

அப்பா சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 18, சனி

பெட்டிகளை எடு என்று அப்பா சொல்லவில்லை. எல்லோரும் பெட்டிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டோம்.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பா பெட்டிகளைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். நான் இருப்பதைக் கவனிக்காத மாதிரி சொன்னார்: "நெருப்பும் தண்ணியும் ஒட்டி இருந்தா வீட்ல சண்டைதான். அடுப்புக்குப் பக்கத்துல யாராவது தொட்டி வெப்பாங்களா?"

அலமாரியைத் தூக்கி இரண்டுக்கும் நடுவில் வைத்தேன்.

"ம்" என்றார்.

அந்த ஒரு "ம்" எனக்குப் போதும்.

ஜனவரி 22, புதன். நிலாக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இருபத்துமூன்றாம் நாள்

சாமியை வழியனுப்பினோம். கடலை மிட்டாயும் எள்ளு மிட்டாயும் படைத்தோம். மேலே போய் எங்கள் வருஷக் கதையைச் சொல்லும்போது வாய் இனிக்கவேண்டுமே. போய்ச்சேர காகிதக் கொக்கும் காகிதக் குதிரையும் எரித்தோம்.

அப்பா ஊதுபத்தியோடு வெகுநேரம் நின்றார். "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. நீங்க இல்லாதப்ப வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு. சின்ன வேலைதான். சுவரைத் தொடமாட்டோம். அவசரமில்ல, மெதுவாவே வாங்க."

"நல்லது சொன்ன வாய்" என்று அம்மா கடைசி மிட்டாயை என் வாயில் திணித்தாள்.

ஜனவரி 23, வியாழன்

தூக்கி வைக்கும்போது அண்ணி வீட்டில் இருக்கக் கூடாது என்று அப்பா அவளைச் சந்து முனைக்கு, அம்மாவின் தள்ளுவண்டிக்கு அனுப்பிவிட்டார். ஒரு நாள் லீவு போட்டு அண்ணன் வந்திருந்தான். எஞ்சினை மட்டும் யாரையும் தொடவிடாமல் அப்பாவே கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்தார். அடுப்பு மேஜையை நகர்த்தியபோது மூச்சைப் பிடித்திருந்தார். நானும்தான். பின்சுவர் கரியாக இருந்தது. அதைத் தேய்க்கக்கூட அப்பா விடவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்து நேராகக் கழிவறை வரை நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

"வயிறு சரியில்லையாடி லுவா?" என்றாள் அம்மா.

"சும்மா நடந்து பாக்கறேன் அத்தை."

ஜனவரி 28, செவ்வாய். நிலாக் கணக்கில் வருஷக் கடைசி

இன்று சாமி திரும்பும் நாள். அப்பா பழைய கரிச்சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

"இங்க இல்லீங்க, அங்க. அலமாரி மேல. வெளிச்சமும் கூட இருக்கு. எம்பொண்ணு யோசனை."

கீரை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின கீரையையே மறுபடி மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எட்டாவது மாதம். அப்பா சவாரிக்கு நடுவில் மூன்று முறை வீட்டுக்கு வருகிறார். தண்ணீர் குடிக்க என்கிறார். குடிப்பதே இல்லை. அண்ணி நடப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நாம தப்பு பண்ணிடலையே? சாமி, நீங்க சொல்லுங்க. நான் சொன்னதாலதானே மாத்தினாங்க.

பிப்ரவரி 28, வெள்ளி

எட்டு முடிந்தது. அப்பா இன்று ஒரு சொம்பு தண்ணீர் முழுசாகக் குடித்தார்.

மார்ச் 27, வியாழன்

பெண். தாயும் பிள்ளையும் நலம். அண்ணி கேட்ட முதல் கேள்வி: "மியென் சாப்பிட்டாளா?"

ஏப்ரல் 6, ஞாயிறு

குழந்தையைச் சமையலறையில்தான் குளிப்பாட்டுகிறோம், பழைய அடுப்பு இருந்த இடத்தில். ஒரு சின்னத் தொட்டி வைக்க அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. எதிரே அடுப்பில் வெந்நீர். கை நீட்டினால் எட்டும்.

இத்தனை வாரமாகியும் அப்பாவுக்குப் பழக்கம் விடவில்லை. அந்த இடம் வந்தால் உடம்பு தானாகவே பக்கவாட்டில் திரும்பிவிடும். வெறும் சுவரோடு ஒட்டி நண்டு மாதிரி நடப்பார். நாங்கள் சிரிப்போம்.

இன்று குளித்த குழந்தையைத் துண்டில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தேன். குழந்தை முகத்தையே பார்த்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். நேராக.