ஒரு தளம் கீழே

இலையுதிர் மாதம், 4

செம்புக்கல் இரண்டு வண்டி. துருத்தியில் ஓட்டை, தைத்தேன். பார்லிக் கஞ்சியில் மறுபடியும் உப்பில்லை. சிக்ருனிடம் சொல்லவில்லை. மகள் ரூனா போன பிறகு, இந்த மூன்று வருடமாக, மனைவியின் சமையலைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

விடியும் முன் சிக்ருன் வழக்கம்போல் கதவிடுக்கு, புகைபோக்கி எல்லாவற்றையும் பாசியும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். நான் தாழ்ப்பாளை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அதைப் போட மறந்தவன் நான்தான். வெயில் பட்டால் குள்ளர்கள் நாங்கள் கல்லாகிவிடுவோம். ஏழு வயதுப் பிள்ளையாயிற்றே என்று வெயில் பார்க்குமா? மகள் இன்னும் சரிவில்தான் நிற்கிறாள்.

இலையுதிர் மாதம், 5

இருட்டியதும் நானும் சிக்ருனின் தம்பி ஓர்மும் விறகுக்குப் போனோம். விழுந்துகிடந்த பிர்ச் மரத்தின் மேல் காட்டில் வாழும் எல்ஃப் இனத்துப் பெண்குழந்தை ஒன்று உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. எழுந்து நின்றால் எங்கள் உயரம். எங்களைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது:

“நீங்களும் தொலைஞ்சு போயிட்டீங்களா?”

எங்களைக் குழந்தைகள் என்றே முடிவு செய்துவிட்டது. “அழாதீங்க, எங்கம்மா வந்து உங்க அம்மாவையும் தேடித் தருவாங்க” என்று எனக்கு ஆறுதல் வேறு. பிறகு ஓர்மின் வழுக்கையையும் தாடியையும் மாறி மாறிப் பார்த்தது.

“மேல இருந்த முடியெல்லாம் சறுக்கிக் கீழ வந்துடுச்சா?”

“பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசணும் பாப்பா” என்றான் ஓர்ம்.

“உனக்கு என்ன வயசு?”

“முப்பத்தெட்டு.”

“எனக்கு அறுபது. அக்கான்னு கூப்பிடு.”

தாடி ஒட்டவைத்ததா என்று இழுத்தும் பார்த்துவிட்டது. ஓர்ம் போட்ட அலறலில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று ஞாபகமில்லை.

பெயர் அல்வி. எவ்வளவோ நேரம் கூப்பிட்டுப் பார்த்தோம், யாரும் வரவில்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. எங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தோம் — வெயில் வருவதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

இலையுதிர் மாதம், 6

சிக்ருன் குழந்தையை வாங்கி அடுப்பருகே உட்காரவைத்தாள். பெட்டியைத் திறந்து ரூனாவின் கம்பளிக் காலுறையை எடுத்து அல்விக்கு மாட்டிவிட்டாள். கஞ்சியில் உப்பு இருந்தது.

“உங்க வீட்டுக்கு வானம் எங்க?” என்று அல்வி கேட்டாள்.

“பழுது பாக்கக் குடுத்திருக்கோம்” என்றான் ஓர்ம்.

“அக்கான்னு சொல்லு.”

“பழுது பாக்கக் குடுத்திருக்கோம், அக்கா.”

சிக்ருன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா?

இலையுதிர் மாதம், 8

பொழுது சாய்ந்ததும் மறுபடி காட்டில் தேடினோம். யாருமில்லை. “எங்கம்மா வெயில்லதான் நடப்பாங்க. ராத்திரி மரத்துக்குள்ள போய்த் தூங்கிடுவாங்க” என்று அல்வி சொன்னாள். குழந்தை ஏதோ உளறுகிறது என்று நினைத்தேன்.

சிக்ருன் சொன்னாள்: “கிடைக்கலைன்னா விடுங்க.” குரலில் இருந்தது வருத்தம் இல்லை.

இலையுதிர் மாதம், 11

அல்வி சாப்பிடவில்லை. கை ஜில்லென்று இருக்கிறது. நோய் வந்தால் ஒரு தளம் கீழே — எங்கள் வழக்கம் அதுதான். பூமியின் சூடு கீழேதான் இருக்கிறது. எனக்கு அம்மை கண்டபோது நான் பிழைத்தது மூன்றாம் தளத்தில்தான். கட்டிலை இரண்டாம் தளத்துக்கு இறக்கினோம்.

இலையுதிர் மாதம், 13

குணமில்லை. மூன்றாம் தளம்.

இலையுதிர் மாதம், 14

இன்று அவள் ஓர்மைத் தம்பி என்று கூப்பிடவில்லை. அவன் தானாகவே போய்த் தாடியை நீட்டினான். இழுக்கத் தெம்பில்லை.

இலையுதிர் மாதம், 16

நான்காம் தளத்துக்குக் கொண்டுபோகலாம் என்றாள் சிக்ருன். அவ்வளவு ஆழத்துக்குச் சாகக் கிடக்கிற கிழவர்களைக்கூட இறக்குவதில்லை. அதற்கு முன் மேல் அடுப்படியில் வைத்து வெந்நீரில் துடைத்துவிடலாம் என்று அல்வியைத் தூக்கி வந்தேன். வெளியே பகல். புகைபோக்கியிலிருந்து ஒரு துண்டுக் களிமண் உதிர்ந்து கிடந்தது. தரையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெயில்.

நான் பதறிப் பின்வாங்கினேன். அதற்குள் அல்வியின் கை தொங்கி அதில் பட்டுவிட்டது. கல்லாகவில்லை. சாம்பல் நிறமாக இருந்த விரல்கள் சிவந்தன, விரிந்தன. இரண்டு நாளாகத் திறக்காத கண்ணைத் திறந்து “அம்மா” என்றாள்.

சிக்ருன் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீளக் குச்சியில் களிமண்ணை வைத்து அந்த ஓட்டையை அடைத்தாள். பிறகு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

நோய் வந்தால் ஒரு தளம் கீழே. ஒவ்வொரு தளமாக நாங்கள்தான் அவளைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

இலையுதிர் மாதம், 17

சண்டை.

“அவளுக்கு வேண்டியது வெயில், சிக்ருன். நீயே பாத்தே.”

“அந்தப் பேரை என் வீட்ல எடுக்காதீங்க.”

“செத்துப் போயிடுவா.”

“ரூனாவையும் வெயில்லதான் விட்டீங்க.”

மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். அவள் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதானே. ஆனாலும் வலிக்குது. என்ன பண்ணச் சொல்றா என்னை? இதையும் கல்லாகப் பாக்கணுமா — வெயிலில்லாமலே?

இலையுதிர் மாதம், 18

அல்விக்கு மூச்சு இழுக்கிறது. முடிவு செய்துவிட்டேன். விடியும் முன் சரிவுக்குத் தூக்கிப் போவேன். புல்லில் படுக்கவைத்துவிட்டு ஓடி வர முடியாது. தரை உறைந்து கிடக்கிறது, அந்தக் குளிரில் வெயில் ஏறும்வரை தாங்கமாட்டாள். யாராவது மடியில் வைத்துச் சூடு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெயில் வரும்வரை.

ஓர்மிடம் சுரங்கச் சாவியைக் கொடுத்தேன். “மாமா, நான் போறேன். எனக்குப் பொண்டாட்டி, பிள்ளை இல்லை” என்றான். முட்டாள். தாழ்ப்பாளை மறந்தவன் அவனா?

சிக்ருனிடமும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, கொஞ்சம் படுங்க. நேரமானதும் எழுப்பறேன்” என்றாள்.

இலையுதிர் மாதம், 19

எழுப்பவில்லை.

இலையுதிர் மாதம், 20

நேற்று விழித்தபோது புகைபோக்கியின் ஓரத்தில் வெளிச்சம். கதவை வெளியிலிருந்து பாறை வைத்து அடைத்திருந்தாள் — நான் பின்னால் ஓடிவந்து வெயிலில் விழக்கூடாது என்று. அந்தக் கதவை இருட்டும்வரை குத்திக்கொண்டிருந்தேன். ஓர்மும் கூடக் குத்தினான். இருட்டியதும்தான் நெம்புகோல் போட்டுப் பாறையைத் தள்ள என்னை விட்டான்.

சரிவில் ரூனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காலைச் சம்மணமிட்டு, கிழக்கே பார்த்து. மடி காலியாக இருக்கிறது. கைகள் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. இறங்கிப் போகிற குழந்தையை விடுகிற மாதிரி விரிந்திருக்கின்றன. காலுறை ஒன்று புல்லில் கிடந்தது. அதற்கு அப்பால் ஈரப்புல்லில் வெறுங்காலடி, காட்டை நோக்கி. முதலில் சின்னக் காலடி மட்டும். மரங்கள் தொடங்குகிற இடத்தில் அதனுடன் ஒரு பெரிய காலடி.

“உள்ள கொண்டு போயிடலாமா மாமா?” என்றான் ஓர்ம்.

வேண்டாம் என்றேன். மூன்று வருடமாக மகள் தனியாக நின்றாள்.

பனி மாதம், 2

வேலைக்குப் போகவில்லை.

பனி மாதம், 9

நேற்றெல்லாம் பனி கொட்டியது. காலையில் நின்றுவிட்டது, பகல் முழுக்க வெயிலாம், கதவிடுக்குப் பாசியின் ஓரம் வெளுத்திருந்ததைப் பார்த்து ஓர்ம் சொன்னான். பொழுது சாய்ந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனேன். முழங்கால்வரை பனி.

சிக்ருனின் தலையிலும் தோளிலும் பனி இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். ரூனாவுக்கும் துடைத்திருக்கிறார்கள், காது மடிப்புவரை. சிக்ருனின் மடியில் கைவைத்துப் பார்த்தேன். குளிர்காலக் கல்லில் இருக்கக்கூடாத வெதுவெதுப்பு, ஒரு சின்ன ஆள் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்துபோன அளவுக்கு.

எனக்குத் துடைக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டு, துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.