மர்ஜானா வரைந்த ஒரு வெள்ளி

ஜார்ஜ்டவுன்,
6 ஜூலை 2024

அன்பு மகள் மர்ஜானாவுக்கு, அத்தாவின் ஸலாம்.

போனில் நீ பேசுவது என் காதில் ஏறுவதில்லை என்று தபாலில் அனுப்பினாயே, நல்லா இரு. புதுப் பண நோட்டு வடிவமைப்புப் போட்டிக்கு நீ வரைந்த ஒரு வெள்ளி நோட்டின் படம் வந்து சேர்ந்தது. அலையை மலாய்க்காரர்களின் சரிகைச் சொங்கேட் துணி நெசவுபோல இழைத்திருக்கிறாய். ஒரே குறை, படகின் பாய் தொங்குகிறது. நீ கேட்ட பழைய நீல ஒரு வெள்ளி நோட்டில் படகின் பாய் புடைத்திருக்கும். காற்று இல்லாமல் படகு எங்கே போகும்?

அந்த நோட்டை மறப்பேனா? துறைமுகத்தில் மூட்டை தூக்கி வாங்கிய கூலி அது. அறுபத்தேழில் மாமன்னர் முகம் போட்ட நம் புது நோட்டு வந்தது. பழையதும் புதியதும் சேர்ந்தே புழங்கின. நவம்பரில் இங்கிலாந்து பவுண்டு இறங்கியதும் திடீரென்று, பழைய வெள்ளிக்கு இனி எண்பத்தைந்து காசுதான் என்றார்கள். பினாங்கே கடையடைத்தது. "நோட்டு கிழியல, நனையல, பதினஞ்சு காசு எங்கடா போச்சு?" என்று என் கங்காணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

உன் அத்தா,
முஸ்தஃபா

(மாமா சொல்லச் சொல்ல எழுதியது காப்பிக்கடை பஷீர். படம் சூப்பர் லா, மர்ஜானா!)


கோலாலம்பூர்,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தா,

என்னைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடைசி ஐந்து பேரில் இருந்தேன். முடிவு வரும்வரை படம் வெளியே போகக் கூடாது என்பது விதி. யாரோ பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள்.

உங்களையும் படித்துச் சொன்ன பஷீர் அண்ணனையும் தவிர, அதைப் பார்த்தவள் என்னோடு தங்கியிருந்த காமினி மட்டும்தான். "சத்தியமா நான் இல்ல, மர்ஜி" என்று அழுதாள். நான் நம்பவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பள்ளியிலிருந்து சிநேகிதி அவள்.

மர்ஜானா


ஜார்ஜ்டவுன்,
9 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு,

மனசை விட்டுவிடாதே. கூட இருப்பவர்களையே நம்ப முடியாத காலம். போனவள் போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தா


ஜார்ஜ்டவுன்,
24 ஆகஸ்ட் 2024

மர்ஜானா,

இதை எழுதுவது மாடிவீட்டு அக்னஸ் டீச்சர். "நான் எழுத மாட்டேன் மாமா, என் கடைக்குத்தான் கெட்ட பேரு" என்று பஷீர் கையை விரித்துவிட்டான்.

காமினி இல்லை. நான்தான்.

படத்தோடு வந்த உன் கடிதத்தையும் பஷீர் கடையில் வைத்துத்தான் படித்தான், என் காதுக்காகக் கத்தி. 'யாருக்கும் காட்டாதீங்க அத்தா' என்ற வரியையும் கத்தினான். கடையே சிரித்தது. "அப்படி என்ன மாமா அது, காட்டுங்க லா!" என்றார்கள். காட்டினேன். ஒரு பையன் படம் பிடிக்கப் போனை நீட்டினான். "எம்மவ வரைஞ்சது, நல்லா எடு" என்று நானே தாளை விரித்துப் பிடித்தேன்.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும், போனவள் போகட்டும் என்று எழுதச் சொன்னேன். படத்தைக் காட்டியது பெருமையில் செய்த தப்பு. அந்தப் பிள்ளைமேல் பழி கிடக்கட்டும் என்று விட்டது பாவம்.

"இதெல்லாம் அப்படியே எழுதணுமா?" என்று டீச்சர் கேட்கிறார். அப்படியேதான்.

அத்தா


ஜார்ஜ்டவுன்,
12 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

உன் கவர் வந்தது. இதை எழுதுவதும் அக்னஸ் டீச்சர்தான். ஒரு வரிகூட எழுதவில்லை, படம் மட்டும். அதனால் யாரிடமும் கொடுக்காமல் நானே பார்த்தேன். பூட்டிய கதவு. வெளியே நின்று நீ தட்டுகிறாய். சன்னலுக்குள் காமினி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே நிற்க வேண்டியவன் நான்.

அவள் வீட்டு அட்ரஸை ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பு, டாக்சிக்காரரிடம் காட்டிக்கொள்கிறேன். அது கிடைத்த அன்றே பஸ் ஏறுவேன். என்னை அழைக்க நீ வர வேண்டாம். உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அதுவும் சரிதான்.

அந்தப் பிள்ளையிடம் நான் வாயால் சொல்ல வேண்டும். அவள் கதவைத் திறக்காவிட்டாலும், வெளியில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அத்தா