சுண்ணாம்பு வளையத்துள் அடைபட்ட உலகியின் பொருட்டுக் கடற்காப்புச் சபை நாயகருக்கு

நன்மை நிலைபெறுக. ஏழு கழிமுகங்களையும் அவற்றின் உப்பையும் மீனையும் குடைநிழலில் காக்கும் நெடுங்கழி நாட்டுக் கோமான் பரிதிவேந்தரின் திருவடி தாங்கும் பேரமைச்சன் கூத்தன் அதிரன், பவழத்துறைக் கடற்காப்புச் சபையின் நாயகரும், ஐந்நூறு கலங்களின் சரக்குக்குப் பிணை நிற்பவரும், பல்லக்கு வரிசை பெற்றவருமான ஏறன் திருவனாருக்கு விடுக்கும் ஓலை. உம் சபையும் மாளிகையும் கலங்களும் நலமே ஆகுக. இதனை இருக்கையில் அமர்ந்தபடியே முற்ற வாசித்தருள்க. ஓலை கொணரும் ஓரி ஓரிடத்தில் நிலைகொள்ளாதவன். நீர் வாசிக்கையில் அவன் உம்மைச் சுற்றி நடந்தால் பொறுத்துக்கொள்க.

செய்தி, கண்ணாடி வாணிகம் செய்யும் உலகி என்பாளைப் பற்றியது. நம் கலங்கரை விளக்கின் தீயை வாடைக்காற்று அவிக்காதபடி சுற்றிலும் அடைக்கப் பன்னிரண்டு கண்ணாடிப் பலகைகளை மணித்தீவிலிருந்து தருவித்தவள் அவள். கலம் புறப்படுமுன்னரே உம் சபைக்குக் காப்புப் பொருள் கட்டினாள். உம் சபையும் பெட்டிக்கு அரக்கு முத்திரை இட்டு, உடைந்தால் ஈடு செய்வதாக உறுதி எழுதித் தந்தது. நடுக்கடலின் புயலுக்குக் கூடத் தப்பிய அந்தப் பெட்டியைக் கரையில் இறக்கியவர் உம் சபையின் ஆட்களே. முழங்கால் நீரில் நின்று அதைக் கைநழுவ விட்டார்கள். உள்ளே எழுந்த ஓசை துறை முழுதும் கேட்டது. வலை காயவைத்துக்கொண்டிருந்த பரதவர்கள் கூட, ஐயோ போயிற்றே என்று தலையில் கைவைத்தார்களாம்.

உலகி மறுநாளே உம் சபைக்கு ஆளனுப்பினாள். முத்திரை சிதையாத பெட்டியில் பொருள் சிதைய வழியில்லை என்று உம் கணக்கர் மறுமொழி கூறினார். அவ்வாறாயின் திறந்து காட்டுகிறேன் என்றாள். முத்திரை உடைந்த பெட்டிக்குச் சபை பொறுப்பன்று என்றார் அதே கணக்கர், அதே மூச்சில். பின்பு பெரிய மனது பண்ணி ஒரு வழியும் சொன்னார்: பெட்டிக்கு உரியவள் தானே சபை மண்டபத்துக்கு வந்து, நாயகர் முன்னிலையில் திறக்க வேண்டும், பிறர் கொண்டுவந்தால் தொடமாட்டோம். திருவனாரே, இவ்வளவு சாமர்த்தியமான வாசகத்தை யாத்தவர் எவரோ, அவரை நம் அரண்மனைக்கு அனுப்பிவைத்தால் பகைவர்க்கு ஓலை எழுதப் பயன்படுவார்.

அவள் புறப்பட ஆயத்தமான காலையில் விளக்கதிகாரி பெற்றான் துறைக்கு வந்தான். அவன் நம் அரசாங்கத்து ஊழியன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். பலகையைக் கொடு, அல்லது வாங்கிய முன்பொருளைக் கொடு என்றான். இரண்டும் அவளிடம் இல்லை. உடனே அவன், இந்நாட்டு வழக்கப்படி, பெட்டியருகே நின்ற அவளைச் சுற்றிச் சுண்ணாம்பால் வளையம் இட்டுவிட்டான். வளையத்துள் நிற்பவர் தாம் தரவேண்டியது தீராமல் வெளியே கால் வைத்தால், அவர் கையால் இந்நாட்டில் எவரும் நீரும் வாங்கார். இட்டவன் அன்றி வேந்தரும் அதை அழிக்கலாகாது. இவை உமக்கும் தெரியும்.

ஆக, அவள் வந்தால்தான் உம் சபை பெட்டியைத் திறக்கும். பெட்டி திறந்து ஈடு கிடைத்தால்தான் வளையம் அழியும். வளையம் அழிந்தால்தான் அவள் வரமுடியும். ஒன்பது நாளாக அவள் ஆறடி மணலில் இருக்கிறாள். பனையோலைக் கூரை ஒன்று போட்டிருக்கிறார்கள். வெயில் நகர நகர அவளும் நிழலோடு நகர்கிறாள். கோடு வந்ததும் நின்றுவிடுகிறாள்.

யாம் நேரில் சென்று கண்டோம். பொருளைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கழிக்கு அக்கரையில் புகையும் ஒரு கூரையைக் காட்டினாள். தலைப்பிரசவத்துக்கு மகள் பூவணை தாய்வீடு வந்திருக்கிறாளாம். ஐயா, அவள் வந்த அன்று வாசலில் நின்று ஆலம் சுற்றக் கூட நான் இல்லை; பூட்டிய வீட்டைத் தானே திறந்துகொண்டு போனாள் என்றாள். இன்னும் மூன்று நாளுக்குள் வலி கண்டுவிடும் என்று மருத்துவிச்சி சொல்லியிருக்கிறாள். மகள் அலறினால் காற்று இந்தப் பக்கம் வீசக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன் என்றாள்.

பெற்றானை அழைத்துக் கடிந்தோம். உரியது வராமல் நான் அழித்தால் நாளை எவன் வளையத்தை எவன் மதிப்பான் என்றான். வேந்தரிடம் முறையிட்டோம், முன்னோர் ஆணையை மீற என்னாலும் ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பெற்றான் ஒன்று ஒப்புக்கொண்டான்: உடைப்பை ஏற்றோம் என்று சபை நாயகர் ஒரு சொல் சொன்னால் போதும், பொருள் பிறகு வந்தாலும் சரி, அந்தக் கணமே அழிப்பேன் என்றான்.

அந்தச் சொல்லை வேண்டி இதற்கு முன்பு உமக்கு மூன்று ஓலை விடுத்தோம். நாயகர் பூசையில் இருக்கிறார், நாயகர் விருந்தில் இருக்கிறார், நாயகர் ஓய்வில் இருக்கிறார் என்று மூன்று மறுமொழி வந்தன. இன்று இருக்கையில் இருக்கிறீர் அல்லவா? மகிழ்ச்சி.

வளையச் சட்டத்தின் கடைசி வாசகத்தை யாரும் படிப்பதில்லை. யாமும் நேற்றுத்தான் படித்தோம். பெறவேண்டியவர் தாமே வர இயலாதவராயின், தம் கைச் சுண்ணாம்பைக் கொடுத்துப் பிறரை அனுப்பி வளையம் இடலாம் என்கிறது அது. உலகிக்கு உம் சபை ஈடு தரவேண்டியிருக்கிறது. அவளிடம் வெற்றிலைச் சுண்ணாம்புச் சிமிழ் ஒன்று இருந்தது. அதை ஓரியின் கையில் கொடுத்தாள்.

உம் காலடியைப் பார்த்தருள்க.

எழ வேண்டாம். பெட்டியும் முத்திரை குலையாமல் உம் வாயிற்படியில் இறக்கப்பட்டிருக்கிறது. அது வளையத்துக்கு ஒரு பாக தூரம் வெளியே இருப்பதால் உம் கை எட்டாது. உரியவள் வந்துதான் திறக்க வேண்டும் என்பது உம் சபையின் விதி. அவள் வருவதற்கு உள்ள வழி உம் நாவில் இருக்கிறது. பூசைக்கும் விருந்துக்கும் ஓய்வுக்கும் அந்த ஆறடியே போதுமாயின் எமக்கு மறுப்பில்லை.

ஏற்றோம் என்பீராயின், ஓரி மாளிகை மேல்மாடத்தில் வெள்ளைத் துகில் காட்டுவான். துறையில் பெற்றான் அதைப் பார்த்தபடி நிற்கிறான். உலகிக்காகப் படகு ஒன்று துடுப்போடு காத்திருக்கிறது. அவள் அக்கரையில் கால் வைத்த பின்னரே உம் வளையம் அழிக்கப்படும்.

இது பரிதிவேந்தர் அறிந்த ஆணை. சுறா முத்திரை இட்டோம். இது எழுதும்போது காற்று அக்கரையிலிருந்து இப்பக்கம் வீசத் தொடங்கியிருக்கிறது; விரைந்து சொல்க.