அட்டைக்கு வைத்திருந்த உப்பு

றக்வான மலையின் மகாராணியே, கொழுந்துக் கூடையைக் கிரீடமாகச் சுமந்தவளே, என்னைத் திட்டுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்து வைத்த என் அக்கா,

சபை எழுந்து நிற்கட்டும். உன் தம்பி கப்பல் ஏறிவிட்டு வந்திருக்கிறான்.

பெருமைதான். ஆனால் அது என் பெருமை இல்லை. உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப் போகலாம் என்று ஒரு சலுகை உண்டாம். உன் மகன் குமார் அதை உனக்காகத்தான் கேட்டு வைத்திருந்தான். “நான் பரிமாறணும், அம்மா உக்காந்து சாப்பிடணும் மாமா” என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பான். அனுமதி வந்து சேர்ந்தபோது நீ இல்லை. உன் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். சரியாகப் பொருந்தவில்லை, அக்கா.

கப்பல் எப்படி இருந்தது என்று கேள். நம் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைகளை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் துரை பங்களாவைத் தூக்கி வைத்தாலும் அதன் முழங்காலுக்குத்தான் வரும். சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு மூலையில் கூப்பிட்டால் மறு மூலையில் இருப்பவனுக்கு அடுத்த வாரம்தான் கேட்கும்.

அந்த மண்டபத்தில் முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் கறுப்புப் பட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி வந்தான் உன் மகன். கையில் ஒரு சின்னப் பலகை. அதில் ஐந்து குட்டிக் கிண்ணங்கள். என் முன்னால் வைத்துவிட்டு, “உப்பு, மாமா” என்றான்.

நான் சட்டென்று இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டேன்.

“எங்கடா?”

“எது மாமா?”

“அட்டைடா! கப்பலுக்குள்ளயும் வந்துருச்சா?”

சிரிக்காதே. உப்பைத் தனியாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் நம் ஆளுக்கு வேறு என்ன தோன்றும்? கொழுந்து பறிக்கப் படங்குச் சாக்கு கட்டின இடுப்பில் ஒரு துணி முடிச்சு, முடிச்சுக்குள் உப்பு, காலில் அட்டை ஏறினால் ஒரு சிட்டிகை. நீ அப்படித்தானே காலமெல்லாம் மலைக்குப் போனாய்? பக்கத்து மேசை வெள்ளைக்காரியும் என்னைப் பார்த்துவிட்டுப் பயந்து தன் காலைத் தூக்கிக்கொண்டாள்.

குமார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு, “அம்மாவும் இதத்தான் கேட்டிருப்பாங்க” என்றான். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்து உப்புக்கும் வரலாறு சொன்னான். ரோஸ் நிறத்தில் இருப்பது எங்கேயோ மலையைக் குடைந்து எடுத்ததாம். மலையில் உப்பு விளையுமாம், அக்கா! நம் மலையில் விளைந்த உப்பெல்லாம் ஆட்களின் முதுகில் வழிந்ததுதான். கறுப்பு உப்பு கெட்டுப்போன முட்டை மாதிரி நாறியது. சாம்பல் நிறம் ஒன்று, புகை போட்டது ஒன்று, கண்ணாடிச் சில்லு மாதிரி தகடு தகடாக ஒன்று. மீனுக்கு இது, இறைச்சிக்கு அது, இனிப்புக்குக்கூட ஒன்று. நான் ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்துவிட்டு, “ராசா, சும்மா உப்பு இருக்கா?” என்றேன். உள்ளே போய்ச் சமையல்காரனிடம் வாங்கி வந்தான். அந்த ஐந்தும் நாக்கில் தம்பட்டம் அடித்துக்கொண்டு வந்தன. இது வந்தது, வேலையைப் பார்த்தது, போனது. உன்னை மாதிரி.

மறுநாள் மத்தியானம் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். அடுத்தவன் தட்டில் கை வைக்கும் என் நல்ல பழக்கம் உனக்குத் தெரியுமே. ஒரு வாய் எடுத்தேன். சப்பென்று இருந்தது.

“என்னடா, உப்பே இல்ல?”

“நான் இப்படித்தான் மாமா சாப்பிடுறேன்.”

“எப்ப இருந்து?”

“அம்மா போனதுல இருந்து.”

ஐந்து வகை உப்பை ஊருக்கெல்லாம் பரிமாறுகிறான், அக்கா. தன் தட்டில் ஒரு கல் போடுவதில்லை.

பலாங்கொடையில் சிங்கள டாக்டர் உன் பிரஷரைப் பார்த்துவிட்டு உன்னிடம் “லுணு அடு கரன்ன அம்மே” என்றுதான் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். உன் மகன்தான் பயந்து போய், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து சட்டம் போட்டான், ஒரு கல்லும் கூடாது என்று. தினமும் போன். தினமும் அதே கேள்வி. நீயும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி “போடலப்பா, போடலப்பா” என்று பதில் சொல்வாய்.

“கடைசியா அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா மாமா?” என்றான். “‘சம்பலுக்கு மட்டும் ஒரு கல்லு போட்டுக்கவா ராசா’ன்னு கேட்டாங்க. நான் இந்த ரோஸ் உப்புக் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டே, வேணாம்மான்னு சொன்னேன்.”

வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் உன் தம்பி, அந்தச் சப்பைச் சோற்றில் இன்னொரு வாய் எடுத்துத் தின்றான்.

நீ பத்தியம் இருந்த காலத்து ஒரு மழை நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. மலையில் எல்லோரும் ரொட்டியைப் பிரித்து உட்கார்ந்திருந்தோம். “இடுப்புல உப்பு, வாயில பத்தியமா? அட்டைக்குக் குடுக்குறத நாக்குக்குக் குடுக்க மாட்டியா?” என்று நான் கேலி செய்தேன். நீ ரொட்டியை மென்றுகொண்டே, “அட்டைக்குப் பிரஷர் இல்லடா” என்றாய். மலையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்து நீ அந்தச் சப்பை ரொட்டியைத் தின்றாய். முடிச்சு உன் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஒரு தடவையாவது எடுத்து வாயில் வைத்தாயா, அக்கா? யாரும் பார்க்காதபோது, ஒரு கல்? வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

போன வாரம் உன் வருசப் படையல். குமார் லீவில் வந்திருந்தான். நீ போனபோது நடுக்கடலில் இருந்தவன். முகம் பார்க்கக் கிடைக்காதவன். அதனால் படையலை நான்தான் ஆக்குவேன் என்று அடம்பிடித்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய், உனக்குப் பிடித்த ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். படைக்கும்வரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பது நம் வழக்கம், உப்பு கைக்கணக்குதான். நான் அடுப்படியை எட்டிப் பார்த்தேன். உப்புப் போத்தல் மூடி திறக்காமல் இருந்தது.

“உப்பு போட்டியாடா?”

“கை வரல மாமா.”

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா விடுவாளா? “நல்லாருக்குடா! ஏழு கடலும் சுத்திட்டு வந்து பெத்தவளுக்குப் பத்தியச் சோறா?”

அவன் பைக்குள் கை விட்டு ரோஸ் உப்புப் பாக்கெட்டை எடுத்தான். “இதையாவது போடட்டுமா மாமா? இது நல்ல உப்புன்னு சொல்லுவாங்க.”

“உங்கம்மாவுக்கு இது யாருன்னே தெரியாதுடா” என்றேன். பிறகு கேலியாகத்தான் சொல்ல வந்தேன், அக்கா, உன் குரலில், உன்னை மாதிரியே: “அவளுக்கு இப்பப் பிரஷர் இல்லடா.” அது கேலியாக வெளியே வரவில்லை.

அவன் போத்தலைத் திறந்தான். ஒரு சிட்டிகை இல்லை, கை நிறைய அள்ளினான். பருப்பில் போட்டான், சம்பலில் போட்டான், கத்தரிக்காயில் போட்டான். உனக்கு மறுத்ததை எல்லாம் அந்த ஒரு நாளில் போட்டுத் தீர்த்துவிடுவான் போலிருந்தது. நான் தடுக்கவில்லை. செல்லம்மா சட்டிகளை ஒவ்வொன்றாக அவன் பக்கம் நகர்த்திக் கொடுத்தாள்.

படைத்துக் கும்பிட்டு இலை போட்டோம். முதல் வாயிலேயே என் காதிலிருந்து ஆவி பறந்தது. களுகங்கை ஆற்றில் பாதியை நான் குடித்தேன், மீதியை லயத்து ஆட்கள் குடித்தார்கள். ஆனால் ஒரு ஆள் முகம் சுளிக்கவில்லை. “நல்லாருக்குப்பா” என்றார்கள். மறுசோறு கேட்டார்கள்.

குமாரும் சாப்பிட்டான். சம்பலைத் தொட்டு வாயில் வைத்தான். கண்ணில் நீர் வடிந்தது.

“உப்பு கூடிப்போச்சு மாமா.”

“கூடலடா. சரியாத்தான் இருக்கு.”

இலையை வழித்துச் சாப்பிட்டு எழுந்தான்.

அந்த ரோஸ் உப்பைச் செல்லம்மா முடிந்துகொண்டு மலைக்குப் போகிறாள். உலகத்திலேயே ராஜ மரியாதையோடு சாகிற அட்டைகள் இப்போது நம் றக்வானையில்தான். உன் முடிச்சுத் துணி ஆணியில் தொங்குகிறது. உள்ளே இருந்த உப்பு மழை ஈரத்தில் கரைந்துபோய், துணி மட்டும் விறைத்திருக்கிறது. கடலிலிருந்து வந்த உப்பைக் காலமெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாய். கடலை ஒரு தடவை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என்ன நியாயம் இது?

குமார் திரும்பிப் போகிறான். இனி போன் வந்தால் என் முதல் கேள்வி, “இன்னைக்குச் சோத்துல உப்பு போட்டியா?” என்பதுதான். நீ சொன்ன பதிலுக்கு நேர் எதிரான பதிலை அவன் வாயிலிருந்து தினமும் வாங்குவேன். இது சத்தியம். நான் இதுவரை செய்த சத்தியங்களில் பொய் கலக்காதது இது ஒன்றுதான்.

உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு வந்த,
உன் ஒரே தம்பி, உன் மகனுக்கு மிச்சமிருக்கும் தாய்மாமன்.