வேக வரம்பு

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், இரவு.

ஆபீஸ் வேலைக்காக ஒரு மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து உருவாக்கக் காலையிலேயே உட்கார்ந்தேன். அதற்கு வேண்டிய கோப்புகள் இணையத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து இறங்கின. மத்தியானத்துக்குள் ஆபீசிலிருந்து முடிந்ததா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். கூடத்தில் அக்காவின் கணவர், பாவா, நேற்று மலையில் போட்ட மொட்டையைத் தடவித் தடவி, பெங்களூரிலிருக்கும் பேத்திக்கு வீடியோ காலில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் சிரிப்புச் சத்தமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நெட்டை மொத்தமும் நீங்களே இழுத்துக்கினு இருந்தா நான் எப்படி பாவா வேலை பாக்கிறது?" என்று கத்திவிட்டேன்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றார். தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் தேடி வெயிலில் தெருமுனைக்குப் போனார். திருவிழாக் கூட்டத்தில் அங்கேயும் லைன் கிடைத்திருக்காது.

அவர் போன பிறகும் வேகம் ஏறவில்லை. என் கம்ப்யூட்டரின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். டவுன்லோடுக்கு ஒரு வேக வரம்பு. போன வாரம் காவடிக்கு உறவினர்கள் வந்து இறங்கியபோது, அவர்கள் தடங்கலில்லாமல் போன் பேசட்டும் என்று நானே போட்டது. அதை எடுத்ததும் எல்லாம் மளமளவென்று இறங்கிவிட்டது.

சாயங்காலம் பாவா வந்து என் அறை வாசலிலேயே நின்றார். "வேலை முடிஞ்சிச்சாப்பா? கொயந்த தூங்கறதுக்குள்ள இன்னொரு தபா பேசிக்கட்டுமா?"

"ஆங், பேசுங்க பாவா."

என் அறைக் கதவை அவரே மெதுவாகச் சாத்திவிட்டு, பேத்தியிடம் ரகசியக் குரலில் பேசினார்.