ஓரத்தில் எழுதாத வரி

ஜூலை 6, ஞாயிறு
காலையிலிருந்தே காற்று. தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டுத் தூள் ஜன்னல் முழுக்க. நான் பதிவேடு பார்க்கும் பங்குக் கோயில் ஆபீஸ் அலமாரியையும் துடைக்க வேண்டும்.
ஸ்டெல்லாவின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, பூசையில் வாசித்தாயிற்று. எதிர் லைன் வீட்டுப் பெண், மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். மாப்பிள்ளை நம் லூர்து இருக்கிறாளே, அவள் மகன் வினோத். பெங்களூர் ரயிலில் பழக்கம். அவனுக்கு ஞானஸ்நானச் சான்று எழுதிக் கொடுத்தது நான்தான். முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால் பதிவேட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில் குறிப்பு இருக்கும். ஓரம் சுத்தம். ஃபாதருக்குத் திருப்தி.
வாங்க: சுகர் மாத்திரை, ரவை, மெழுகுவர்த்தி.

ஜூலை 9, புதன்
அலமாரி துடைத்தேன். பழைய ரசீதுக் கட்டுக்குள் பிரிக்காத ஒரு கவர். ஓசூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து. உங்கள் பங்கில் ஞானஸ்நானம் பெற்ற வினோதுக்கு இங்கே கோயிலில் திருமணம் நடந்தது, பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும் என்று.
நாலு வருஷத்துக்கு முந்தியது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். அப்புறம் பிரிக்கலாம் என்று நான்தான் செருகியிருப்பேன். அதற்குள் அவர் சாவு. மறந்தே போனது.
ஃபாதர் வருஷத் தியானத்தில். 19ஆம் தேதிதான் வருவார். போன் கிடையாது.
கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். காபி ஆறிப் போயிற்று.

ஜூலை 11, வெள்ளி
லூர்துவிடம் கேட்டேன். முகம் மாறவே இல்லை.
"அதெல்லாம் ஒரு கல்யாணமா டீச்சர்? நாலு மாசம். கோர்ட்டே வெட்டி வுட்டுச்சி. நீங்க இன்னாத்துக்குக் கிளறிக்கினு கீறீங்க?"
ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா?
"தாலி ஏறட்டும். அவனே சொல்லுவான்."
சாயங்காலம் வினோதே வந்தான். செல்லில் கோர்ட் ஆர்டர் காட்டினான். "சட்டப்படி நான் ஃப்ரீ டீச்சர். காலம் எங்கியோ போயிடுச்சி. அந்த லெட்டர் இத்தினி வருஷம் யார்கிட்ட இருந்துச்சின்னு ஃபாதர் கேட்டா இன்னா சொல்லுவீங்க?" சிரித்துக்கொண்டே. குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு
இரண்டாம் ஓலை. வாசித்தது ஃபாதருக்குப் பதிலாகப் பூசைக்கு வந்த வெளியூர்ச் சாமியார். "இத்திருமணத்துக்கு விக்கினம் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." லூர்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜெபமாலையைப் பார்த்தேன். கோழை.
கோயிலில் கட்டியதைக் கோர்ட் அவிழ்க்க முடியாது. மேற்றிராசனத்தில், பிஷப்பின் நீதிமன்றத்தில், விசாரித்து அது திருமணமே ஆகவில்லை என்று தீர்ப்பு வந்தால்தான் உண்டு. மறைக்கல்வி வகுப்பில் நானே எடுத்த பாடம். புருஷன் அடி தாங்காமல் என் தங்கச்சி ஓடி வந்தபோது இதையேதான் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவளுக்கு மட்டும் சட்டம்.

ஜூலை 17, வியாழன்
தூறல். முழங்கால் வலி.
ஸ்டெல்லா வந்தாள். முதல் பத்திரிகை எனக்காம்.
"அம்மா மொதல்ல ஒத்துக்கல டீச்சர். வெளிய வேலை செய்றவன், எப்படியோ இன்னாவோன்னுச்சி. டீச்சரே ரெஜிஸ்டர் பார்த்துட்டாங்க, எல்லாம் சுத்தம்னு சொன்னேன். அப்புறம்தான் சரின்னுச்சி."
வாங்கி வைத்துக்கொண்டேன். முறுக்கு கொடுத்தேன்.

ஜூலை 19, சனி
ஃபாதரிடமிருந்து மெசேஜ். ரயில் தாமதம், காலையில் நேரே பூசைக்கு வந்துவிடுவாராம். தொண்டை கட்டிக்கொண்டதாம். "மூன்றாம் ஓலையை நீங்களே வாசித்துவிடுங்கள் டீச்சர்."

ஜூலை 20, ஞாயிறு
மறுபடி காற்று. ஆறு மணிக்கே போய்ப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
ஓரத்தில் எழுதிவிட்டேன். திருமணம் நடந்த பங்கு, தேதி. கீழே: நாலு வருஷத் தாமதம், என் தவறு. கையெழுத்து.
ஃபாதருக்கு முன்னால் ஸ்டெல்லாவுக்கு இதைக் காட்ட வேண்டும். ஊர் முன்னால் வேண்டாம்.
எதிர் வாசலில்தான் நிற்கிறாள். புதுச் சேலை. தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டுக் கையாட்டுகிறாள்.
மை இன்னும் காயவில்லை.